ஒற்றை முள்

அவள் ஓய்வுபெறும் நாளின் மாலை வெயில் ஆய்வுமேசையில் சாய்ந்து விழுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன், ஓட்டிலிருந்த ஒற்றை முள்ளை வைத்துத்தான் இந்தக் கடல் நத்தையைப் புது இனமென்று அவள் அறிவித்தாள். இன்று அந்த நத்தை இருக்கும் புட்டியை ஒப்படைக்க எடுத்தால், முள் தனியே அடியில் கிடக்கிறது. உடைந்து விழுந்ததா, வேறெதுவோ வந்து ஒட்டிக்கொண்டிருந்ததா? கேட்டால் முள்ளா பதில் சொல்லும்? கூட்டிப்போக வந்த கணவர் கார் சாவியைச் சுழற்றுகிறார். "முந்நூறு பேர் இதை வச்சு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்காங்க. அத்தனை பேருமா கண்ண மூடிக்கிட்டு எழுதினாங்க?" "அவங்க நத்தையப் பாக்கலைங்க. நான் எழுதினதப் பாத்தாங்க." சாவி நிற்கிறது. அவள் நத்தையை வெளியே எடுத்து, இடுக்கியால் முள்ளை அதன்மேல் வைக்கிறாள். கச்சிதமாகப் பொருந்துகிறது. நிம்மதியாக மூச்சு விட்டு, முள்ளை ஓட்டின்மேலேயே சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் வைத்துப் பார்க்கிறாள். அங்கேயும் பொருந்துகிறது.