குளம்பு வைத்த இடம்

கூண்டுச் சண்டையில் யாரிடமும் தோற்காத கிடா ஒன்று இருந்தது. சண்டைகளை நடத்திய கழுதைப்புலியோடு அதற்கு மூன்று வருட ஒப்பந்தம். மூன்று வருடம் முடிந்த மறுநாள் கிடா அதன் முன்னால் போய் நின்றது.

“அண்ணே, இனிமே நான் ஆத்துக்கு அக்கரையில இருக்கிற கூண்டுல போய் முட்டிக்கிறேன்.”

கழுதைப்புலி தாளைப் புரட்டியது. “நீ காலொடிஞ்சு படுத்திருந்த எட்டு மாசம் இதுல சேராது. அதோட, பட்டம் உன்கிட்ட இருக்கிறவரைக்கும் ஒப்பந்தமும் இருக்கும். இதோ உன் குளம்புத் தடம். படிக்காமலா வெச்ச?”

குளம்பு வைத்த அன்று மேளச் சத்தத்தில் கிடா படிக்கவில்லைதான். அது வக்கீல் ஆமையிடம் போனது.

“உடைச்சிடலாம் தம்பி. கேஸ் முடியிறவரைக்கும் நீ எங்கேயும் முட்டக் கூடாது, அவ்வளவுதான்” என்றது ஆமை.

வாய்தா மேல் வாய்தா போனது. நீதிபதி யானை ஓய்வு பெற்று வேறு யானை வந்தது. கோர்ட்டு மரத்தடியில் காத்துக் கிடந்த கிடாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு கொம்பு தானாகவே விரிசல் விட்டது. ஏழாம் வருடம் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் செல்லாது, கிடா எங்கே வேண்டுமானாலும் முட்டலாம்.

“ஜெயிச்சிட்டோம்” என்றது ஆமை.

வாசலில் கழுதைப்புலி நின்றிருந்தது. அதன் முகத்தில் கோபமே இல்லை.

“நீ முட்டவே வேணாம்ப்பா. பழைய சாம்பியன்னு முன்வரிசையில உட்கார்ந்து தலையாட்டினா போதும். இந்தத் தாளை நிதானமாப் படிச்சுப் பாரு.”

கிடா தாளைப் பார்க்கவில்லை. வலிக்கிற முன்னங்காலை மெல்லத் தூக்கியது.

“எங்க வைக்கணும்ண்ணே?”