ஒருவரும் விலகவில்லை

"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு உங்களுக்கே தெரியாது. இதையும் நீங்களே சொல்லிட்டு எங்களைச் சேரவும் சொல்றீங்களே, டாக்டரம்மா!"

அம்சம் சிரிக்காமல்தான் கேட்டாள். குத்தாலத்தில் டாக்டர் லின்சியின் கிளினிக் முழுக்க அவள் கூட்டி வந்த பெண்கள். எல்லோரும் அவளோடு நடவுக்குப் போகிறவர்கள். எல்லோருக்கும் முழங்கால் வலி. அம்சத்துக்கே பஸ் படி ஏற இன்னொருத்தியின் தோள் வேண்டும்.

"மறைச்சாத்தான் தப்புக்கா," என்றாள் லின்சி. "பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வலி நிஜமாவே மருந்தாலதான் குறையுதா, இல்ல ஏதோ சாப்பிடறோம்ங்கற நினைப்புலயே குறையுதான்னு தெரியணும்ல? ரெண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

"அதுக்கு எங்க காலுதான் கெடச்சுதா?"

"இதுவரைக்கும் இந்த மாதிரி மாத்திரையெல்லாம் யார்கிட்ட சோதிச்சாங்க தெரியுமா? நாற்காலியில உக்காந்து வேலை பார்க்கறவங்ககிட்ட. நாள் முழுக்க சேத்துல குனிஞ்சு நிக்கிறவங்களுக்கு அது கேக்குமான்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. உங்களுக்கு நான் மாத்திரை எழுதறதெல்லாம் குத்துமதிப்பாத்தான்."

ஒரு டாக்டர் இப்படி ஒப்புக்கொண்டு அந்தப் பெண்கள் கேட்டதில்லை. கேட்டும் என்ன பயன்? பின்னால் இரண்டு பேர் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

"எனக்கு மாவு விழுந்துட்டா என்ன பண்றது? ஆறு மாசம் மாவைத் தின்னுகிட்டு வலியில கெடக்கணுமா?" என்றாள் ஒருத்தி.

லின்சி செருப்பைத் தேடுகிறவர்களையே பார்த்தாள். இவர்கள் எழுந்து போனால் ஆராய்ச்சியும் குத்தாலத்தை விட்டுப் போய்விடும். ஆள் சேராவிட்டால் சென்னையிலேயே நடத்திக்கொள்கிறோம் என்று அதை நடத்தும் சென்னைக்காரர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். அதைவிட, தஞ்சாவூரில் டாக்டர்கள் கூட்டத்தில் நடந்ததுதான் அவளை உறுத்தியது. "நீங்களும் உங்க நோயாளிகளை ஆராய்ச்சிக்குக் கொண்டு வாங்க" என்று அவள் பேசி முடித்ததும், மூத்த டாக்டர் தியாகேசன் எழுந்தார்.

"நானும் ஒரு தடவை சூடு பட்டவன்மா. நம்ம சனங்க ரெண்டு மாசம் நிலைக்க மாட்டாங்க. வேற வேலையப் பாருங்க."

கூட்டமே தலையாட்டியது. நடத்திக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் இவள். இப்போது செருப்புகள் ஒவ்வொன்றாக ஜோடி சேர்ந்துகொண்டிருந்தன.

"எங்கடி கெளம்பிட்டீங்க? உக்காருங்க எல்லாரும்," என்று அம்சம் அதட்டினாள். பிறகு லின்சியிடம், "டாக்டரம்மா, நீங்க கொஞ்சம் உள்ள இருங்க. நாங்க பேசிட்டுச் சொல்றோம்" என்றாள்.

லின்சி உள்ளே போய் ஒரு டீ குடித்தாள். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கதவைத் தட்டினார்கள். எல்லோரும் சேருகிறார்களாம்.

"எல்லாருமா? என்னக்கா சொன்னீங்க?"

"அதெல்லாம் எங்களுக்குள்ள. நீங்க மாத்திரையக் குடுங்க."

ஆறு மாதம். ஒருவரும் விலகவில்லை. மாதம் பிறந்தால் ஒரே வேனில் வந்து இறங்கி, காலி டப்பாக்களைக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு புது டப்பா வாங்கிப் போனார்கள். குறுவை நடவு மும்முரமாக நடந்தபோதுகூட ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். மாத்திரையைச் சாப்பிட மறந்தேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. இப்படி ஒரு ஊரைப் பார்த்ததே இல்லை என்று சென்னையிலிருந்து பாராட்டு வந்தது. முடிவுகளை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே லின்சி, அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தனக்குத்தானே ஒரு முறை கைதட்டிக்கொண்டாள்.

அடுத்த டாக்டர்கள் கூட்டத்துக்கு அம்சத்தையும் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனாள். மேடையில் தன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

"நம்ம சனங்க நிலைக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க. இவங்க நிலைச்சிருக்காங்க. கடைசி ஆள் வரைக்கும்," என்று லின்சி சொன்னபோது அரங்கம் கைதட்டியது.

தியாகேசன் எழுந்தார். பெரிய மனிதர்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். "நான் சொன்னது தப்புதான்மா. என் ஆஸ்பத்திரியிலயும் ஒரு ஆராய்ச்சி ஆரம்பிக்கறேன். நீதான் கூட இருந்து சொல்லிக்குடுக்கணும்" என்றார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் கை தூக்கினார்கள். லின்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் ஒண்டியாய்க் கத்தியதற்கு இது போதும் என்றிருந்தது.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன்," தியாகேசன் அம்சத்தின் பக்கம் திரும்பினார். "முன்னாடி என்கிட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவங்க, நமக்கு மாவுதான் விழுந்திருக்குன்னு சந்தேகப்பட்டே பாதிப் பேர் ஓடிட்டாங்க. உங்க ஆளுங்க ஒருத்தருக்குக்கூட அந்தச் சந்தேகம் வரலியே, எப்படிம்மா?"

அம்சம் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எப்படிங்க வரும்? வேன் ஊருக்குள்ள வந்து நின்னதுமே எல்லா டப்பாவையும் ஒரே அண்டாவுல கொட்டி, நல்லாக் கலந்து, நடவுக் காசைப் பிரிக்கிற மாதிரி ஆளுக்குச் சமமாப் பங்கு போட்டுக்குவோம்ல!"