குரல் இறங்கும் இடம்

மறுபடியும் முதலிலிருந்து என்று கணவர் கையைக் காட்டினார்.

அவளுக்குக் கால் கடுத்தது. பகல் முழுக்கச் சலவைக்கூடத்தில் நின்ற கால். வீட்டுக்கு வந்தும் உட்காரக் கொடுத்து வைக்கவில்லை. அடுப்படியில் நின்று ஒரே பேச்சைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கிறாள்.

நாளைக்குத் தொழிலாளர் கூட்டம். முதலாளியும் வருகிறார். இஸ்திரி உருளையில் தோழியின் கை சிக்கியபோது பக்கத்தில் நின்றவள் இவள் ஒருத்திதான். இவள் சொதப்பினால், கை போனது போக, கவனக்குறைவு என்ற பழியும் தோழியின் தலையில்தான் விழும்.

இவளுக்கோ நாலு பேர் கூடினாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவர் சங்க மேடைகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். பதவி உயர்வு வந்த பிறகுதான் மேடையை விட்டார்.

சொல்லிக் கொடுப்பதில் அவர் குறை வைக்கவில்லை. பாத்திரங்களையெல்லாம் கூட்டமாக நினைத்துக்கொள் என்றார். பாத்திரங்களைப் பார்த்தே இவளுக்கு வாய் குழறியது. காலை ஊன்றி நில், தாளைப் பார்க்காதே, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காதே என்றார். கை நடுங்கினால் மேசையைப் பிடித்துக்கொள், அவசரமே வேண்டாம், கூட்டம் எங்கேயும் ஓடிவிடாது என்றார். பிறகு வாசலுக்குப் போய் நின்று, அங்கே கேட்கிறதா என்று பார்த்தார்.

கேட்டது, ஓர் இடம் தவிர.

உருளையின் தடுப்பு உடைந்ததைக் காலையிலேயே சொன்னோம், தெரிந்தும் ஓட்டச் சொன்னது சூப்பர்வைசர்தான். இந்த இடத்துக்கு வந்தால் மட்டும் அவள் குரல் கிணற்றுக்குள் போய்விடுகிறது. எத்தனை தடவை சொன்னாலும் அதே கதைதான்.

போதும் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். விபத்துக்குப் பிறகு அந்த மனிதர் ஒழுங்காகத் தூங்கியதே இல்லை.

அவர் உள்ளே வந்து, நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சூப்பர்வைசர்னு மொட்டையா சொல்லாத. அங்க நாங்க மூணு பேர் இருக்கோம். எம் பேரைச் சொல்லு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து 'ஏங்க' என்றே காலத்தை ஓட்டியவள்.

மூச்சை இழுத்து விட்டாள். அவர் கண்ணைப் பார்த்தபடியே அந்தப் பெயரை முழுதாகச் சொன்னாள்.

அவர் மெல்லத் தலையாட்டினார். அன்று மாலை முதல் தடவையாக, திருத்தம் எதுவும் சொல்லவில்லை.