மாகிரட் ரீச்சரின் குழுக்கள்

வகுப்பில் வாங்குகள் எதிரெதிராகத் திருப்பிப் போடப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் நாலு நாலு பேராகக் குனிந்து துறைமுகத்தின் படத்தை வரைகிறார்கள். பள்ளித் தவணைத் தொடக்கத்தில் ஒரு நிறப்பென்சிலுக்காகச் சண்டை பிடித்தவர்கள் இவர்கள். சேர்ந்து வேலை செய்யப் பழக்கியவர் மாகிரட் ரீச்சர். இப்போது அவரை ஒருவரும் கூப்பிடுவதில்லை. வெளியே ஒரு கப்பல் ஊதுகிறது. திரும்பிப் பார்ப்பது அவர் மட்டும்தான். சோக்குத்தூள் படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு யன்னலோரக் குழுவிடம் போகிறார். "ஏதும் விளங்கேல்லையோ, பல்கீஸ்?" "சீலா சொல்லித் தந்திட்டா, ரீச்சர்," என்கிறாள் பல்கீஸ், தலை நிமிராமலே. சீலா தாளை அழுத்திப் பிடிக்க, பல்கீஸ் கரையின் கோட்டைக் கவனமாக வளைக்கிறாள். பார்க்கும் ஆசையில் ரீச்சர் இன்னும் குனிகிறார். "ரீச்சர், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. வெளிச்சம் மறைக்குது." அவர் விலகுகிறார். தாளில் வெயில் விழுகிறது. நாலு தலைகளும் அதன்மேல் இன்னும் நெருங்குகின்றன.