சட்டை இறுகிப் போச்சு

"பக்கத் தையலைப் பிரிச்சு, ஒரு விரல் அளவு விட்டுத் தைச்சுக் குடும்மா. என் பொண்ணுக்கு மட்டும் தெரியக் கூடாது."

சட்டையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த அம்மா கடை வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். என்னவோ திருட்டுச் சாமானைக் கைமாற்றுவது மாதிரி.

தையல்காரிக்கு எரிச்சலாக வந்தது. கொஞ்ச நாளாகவே இந்த அம்மாவுக்கு இதே வேலை.

"ஏம்மா, உங்க பொண்ணு பத்துப் பேருக்குப் பாடம் சொல்லித் தர்ற டீச்சர். அவங்க சட்டையை அவங்களுக்கே தெரியாம மாத்தறது நல்லாவா இருக்கு?"

"உனக்குத் தெரியாதும்மா. காலேஜ் படிக்கறப்ப, குண்டாயிடுவோமோன்னு பயந்து சாப்பாட்டையே விட்டுட்டா. எலும்பும் தோலுமா ஆஸ்பத்திரியில கிடந்தா. பிழைப்பாளான்னே தெரியலை."

"இப்பதான் நல்லா இருக்காங்களே?"

"இருக்கா. எத்தனையோ வருஷமாச்சு. ஆனா சட்டை இறுகினது தெரிஞ்சா, மறுபடி தட்டைத் தள்ளி வச்சுடுவாளோன்னு எனக்குப் பயமா இருக்கு."

குரல் உடைந்துவிட்டது. ஆனால் படி இறங்கும்போது முகத்தில் ஒரு பூரிப்பு.

"காலையில பட்டன் போட முடியாமத் திணறினா. துவைச்சதுல சுருங்கிடுச்சுன்னு நினைச்சு வேற சட்டை மாத்திக்கிட்டா. நல்லாச் சாப்பிடறா போல!"

பெற்ற மனசு. பயப்படுவதும் அதற்கே, சந்தோஷப்படுவதும் அதற்கே.

தையல்காரி சட்டையை உள்பக்கம் திருப்பினாள். திக்கென்றது.

போன மாதம் அவளே விட்டுத் தைத்த சட்டைதான் இது. அவளுடைய மெஷின் தையல் அப்படியே இருந்தது. அதற்கு உள்ளே ஒரு விரல் தள்ளி, இன்னொரு தையல். கைத்தையல். யாரோ சட்டையைப் பிடித்துச் சிறிதாக்கியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ? அந்தப் பெண்தான். சின்னச் சட்டைக்குள் உடம்பை அடக்கப் பார்க்கிறாளா? பழைய நோய் திரும்பிவிட்டதா?

அந்த அம்மாவிடம் சொன்னால் மனுஷி இடிந்து போவாள். சொல்லாமல் விட்டால் பாவம்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக வந்த டீச்சரை, தையல்காரி கடைக்குள் கூப்பிட்டாள். சட்டையை விரித்துக் காட்டினாள்.

"இது உங்க கை வேலையா?"

டீச்சரின் முகம் மாறியது. "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா அக்கா?"

"இன்னும் சொல்லலை. உண்மையைச் சொல்லுங்க. மறுபடியும் சாப்பிடறதில்லையா?"

"ஐயோ, சாப்பிடறேன் அக்கா. மனசு முரண்டு பிடிக்கற நாள் இன்னமும் வருது. அன்னிக்கும் உட்கார்ந்து சாப்பிட்டுட்டுத்தான் எழுந்திருக்கறேன். என் உடம்பு ஒரே அளவுல நின்னு ரொம்ப நாளாச்சு."

"உடம்பு அப்படியே இருக்குன்னா, சட்டையை எதுக்கு இறுக்கினீங்க?"

டீச்சர் சட்டையை மடித்து, தையல்காரி கையிலேயே திரும்ப வைத்தாள்.

"சட்டை இறுகலைன்னா, நான் இளைச்சுட்டேனோன்னு அம்மா ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கறாங்க அக்கா. இறுகிப் போச்சுன்னு எனக்குத் தெரியாம உங்ககிட்ட தூக்கிட்டு வர்றாங்க பாருங்க, அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கறாங்க."