ஒண்ணுகூடவா மிஞ்சல?

"செவலை... என் செவலை என்னை விட்டுட்டுப் போயிட்டாளே!"

காலிக் கொட்டகையின் நடுவே உட்கார்ந்து மாட்டுப் பண்ணைக்காரரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு. வைக்கோல் போர் இருந்த இடத்தில் வெறும் சகதி.

கால்நடை அதிகாரி செருப்பைச் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி எடுத்து வைத்து வந்து சேர்ந்தார். கையில் பாதி காலியான ஒரு டப்பா, இடுக்கி மாதிரி ஒரு கருவி. விரல்களில் மருந்துக் கறை.

"எல்லா மாடும் போயிடுச்சா?"

"எட்டும் போச்சு சார். கண்ணு முன்னாலயே அடிச்சுட்டுப் போச்சு." பண்ணைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கே சிரிப்பு வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு.

ஒரு மாடும் போகவில்லை. வெள்ளம் வருகிறது என்று அறிவித்த அன்றைக்கே எட்டையும் மேட்டுப் பக்கம் இருக்கும் மச்சான் வீட்டுக்கு ஓட்டிவிட்டிருந்தார். செத்த மாட்டுக்கு அரசாங்கம் பணம் தரும் என்று டீக்கடையில் காதில் விழுந்த பிறகுதான் புத்தி இப்படி வேலை செய்தது. "பொய்யா அழ எனக்கு வராது" என்று காலையில் முரண்டு பிடித்த மனைவி, இப்போது நிறுத்துவதாகவே இல்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணுகூடவா மிஞ்சல? ஒரு கன்னுக்குட்டியாவது?"

ஆள் மோப்பம் பிடிக்கிறார் என்று பண்ணைக்காரருக்குப் பட்டது. மனைவியைப் பார்த்து இருமினார். அவள் சுருதியைக் கூட்டினாள்.

"இருந்தா இவ இப்படிக் கதறுவாளா சார்?"

"சொந்தக்காரங்க வீட்டுல எங்கயாவது கட்டி வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. உங்க நல்லதுக்குத்தான் கேக்கறேன்."

பண்ணைக்காரர் குனிந்து மனைவியின் தலையில் கை வைத்தார். "என் பொண்டாட்டி தலைமேல சத்தியமா ஒண்ணும் இல்ல சார்!"

அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து அவரை முறைத்தாள்.

அதிகாரி பெருமூச்சு விட்டு டப்பாவை மூடினார். "என்ன செய்யறது, உங்களுக்குக் கொடுத்து வைக்கல. செத்ததுக்குப் பணம் கொடுத்தா செத்த மாடுதான் பெருகுது. அதனால இந்தத் தடவை உயிரோட இருக்கற மாட்டுக்குத்தான் உதவி. ஒரு மாட்டுக்கு இவ்வளவுன்னு பணம், அதோட ஆறு மாசத் தீவனமும்."

கொட்டகையில் அழுகை பட்டென்று நின்றது.

"சார்..." பண்ணைக்காரர் அதிகாரிக்குக் குறுக்கே வந்து நின்றார். "அடிச்சுட்டுப் போன மாடு எங்கயாவது கரையேறி, தானா திரும்பி வந்துட்டா?"

"சாயங்காலத்துக்குள்ள வந்தா ஒரு போன் பண்ணுங்க. காதுல நம்பர் வில்லை மாட்டி, உங்க பேர்ல பதிஞ்சு கொடுத்துடறேன். ஒரு தடவை மாட்டிட்டா அப்புறம் மாத்த முடியாது."

அவருடைய ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் பண்ணைக்காரர் போனில் மச்சானைப் பிடித்துவிட்டார். "எட்டையும் உடனே இங்க ஓட்டிட்டு வா! ஓடி வா!"

"அட, பதறாதீங்க மாமா! காலையிலயே அதிகாரி இங்க வந்து, இது யாரு மாடுன்னு குடைஞ்சாரு. உங்கள மாட்டிவிடுவேனா நான்?" மச்சானின் குரலில் பெருமை பொங்கி வழிந்தது.

"எட்டும் என் மாடுதான்னு சாதிச்சு, என் பேர்லயே வில்லை மாட்ட வெச்சுட்டேன்!"