முதல் வரிசை

படியேறி முடிப்பதற்குள் தேவராஜுக்கு விலா நொந்தது. கிரைண்டிங் பட்டறைத் தூசி தின்ற நுரையீரல். கதவைப் பிடித்து நின்றான்.

“ஆஸ்பத்திரி பிசியோவுல கொஞ்சம் தேறிகினு வந்தே. அத்த உட்டுட்டு இன்னாய்யா, காலைல பார்க்குல யோகா?” மனைவி தாயம்மா கடுகடுத்தாள். “அங்க சொல்லித் தர்ற அந்த தட்சிணாமூர்த்தி இன்னா சாமியாரா? முதல் வரிசைல ஒக்காந்து இருமத்தான் இருமுறே.”

“இருமத்தான் போறேன்.”

“இன்னாது?”

“பட்டறைல எங்க சூப்பர்வைசரே அவருதான். மாஸ்க் கேட்டதுக்கு, ‘மூச்ச அடக்கி வேலை செய்டா’ன்னாரு. இப்ப ரிட்டயராகி ஊருக்கே மூச்சு விடச் சொல்லித் தராரு.”

தாயம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

“நான் இருமுனா கண்ண மூடிக்கிறாரு. மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை, அவரு எனக்கு இன்னும் பாக்கி வச்சிகினு கீறாரு.”